துணிக்குப் பின்னால்

ஜொகூரில் யாரிடமாவது ‘கிரில்’ என்று சொன்னால் அவருக்கு முதலில் வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும். தாமான் வீடுகளில் வாசலுக்கு ஒரு இரும்பு கிரில், சன்னலுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. படுக்கப் போகும் முன் பூட்டிவிட்டோமா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்ளும் கம்பி. ஸ்பீக்கர் பெட்டியின் முகத்தில் இழுத்துக் கட்டியிருக்கும் துணிக்கும் அதே பெயர்தான் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. எங்கள் வீட்டில் அதை ‘ஸ்பீக்கர் துணி’ என்போம்.

அந்தத் துணியைக் கழற்றிய காரணத்தால் போன வருடம் எனக்கும் அம்மாவுக்கும் மூன்று நாள் பேச்சு நின்றுபோனது.

பெட்டி தாத்தாவுடையது. கூலாய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1981-இல் 55 வயதானதும் ஊழியர் சேமநிதிக் காசை எடுத்துக்கொண்டு ஸ்கூடாய்க்கு வந்தார். வந்ததும் வாங்கிய முதல் பெரிய சாமான் அந்த ஸ்டீரியோ. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் பழுப்புத் துணி போட்ட இரண்டு மர ஸ்பீக்கர்கள். தாத்தா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. நான் அதை எடுத்து, செத்துப்போன கப்பாசிட்டர்களை மாற்றி, உயிர் கொடுத்தேன். பாட்டு வந்தது. ஆனால் எனக்குத் திருப்தியில்லை. என்னவோ போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. இணையத்தில் பார்த்த படங்களில் எல்லாரும் ஸ்பீக்கரைத் துணியில்லாமல்தான் வைத்திருக்கிறார்கள். நானும் கழற்றப் போனேன். இடது பெட்டியின் துணி இழுத்ததும் வந்துவிட்டது. வலது பெட்டியில் சட்டத்தின் நான்கு மூலையிலும் சின்ன ஆணிகள். ஏன் ஒரு பக்கம் மட்டும் ஆணி என்று யோசிக்காமல் திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டேன்.

அம்மா கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தார். “என்னடா இது, ரெண்டும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது?”

நான் விளக்கினேன். துணி சத்தத்தைத் தடுக்கும், மேல் சுருதியெல்லாம் அதில் சிக்கிப் போகும், இத்தனை வருடமாக நாம் கேட்டது முழுப் பாட்டே இல்லை என்று கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே பேசிவிட்டேன்.

“அப்போ நாப்பது வருசமா நாங்க கேட்டது பாட்டு இல்லையா?” என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு நான் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. அப்படிப் படித்ததையும், அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

*

ஸ்பீக்கருக்கு ஆரம்பத்தில் முகத்துணி கிடையாது. முதல் வானொலிப் பெட்டிகளின் ஒலிபெருக்கி ஒரு கொம்பு. அடியில் சிறிய தகடு அதிரும், அதன் சத்தத்தை வளைந்த குழாய் பெரிதாக்கி வெளியே தள்ளும். கிராமபோன் குழாயின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதிரும் பாகம் குழாயின் ஆழத்தில் இருந்ததால் அதை மூடிப் பாதுகாக்க வேண்டிய அவசியம் இல்லை.

1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர், இன்று நம் வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை வெளியிட்டார்கள். காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். ஒலியின் தரம் கூடியது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. அதிரும் காகிதம் இப்போது பெட்டியின் முன்பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. விரல் பட்டால் கிழியும், ஈரம் பட்டால் உப்பும், தூசி படியும். பார்க்கவும் அழகில்லை. பெட்டியோ வரவேற்பறையில் மேசை நாற்காலிகளுக்கு நடுவே உட்கார வேண்டிய சாமான். ஆகவே முகத்தில் துணி வந்தது. பளபளக்கும் இழை கோத்த துணி, பூவேலை போட்ட துணி, மரச்சட்டத்துக்குள் இழுத்துக் கட்டிய துணி.

கொம்பு வேறு இடத்துக்குப் போனது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் அலுமினியக் குழாயாக மாறிக் கோயில் கூரையிலும் பள்ளிக்கூட மரத்திலும் லாரி தலையிலும் ஏறியது. நம் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் பார்க்கிற குழாய் ஸ்பீக்கர் அதுதான். அதற்கு இப்போதும் துணி கிடையாது.

வீட்டில் இருப்பதற்குத் துணி உண்டு, பொதுவெளியில் இருப்பதற்கு இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜொகூருக்கு வரலாம்.

*

மலேசிய ஒலிபரப்பு வரலாற்றை யார் எழுதினாலும் ஜொகூரில்தான் தொடங்குவார்கள். 1921-இல் ஜொகூர் அரசில் பணியாற்றிய மின்பொறியாளர் ஏ. எல். பெர்ச் என்ற ஆங்கிலேயர் மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஜொகூர் கம்பியில்லாச் சங்கத்தை அமைத்து 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பவும் செய்தார். பிறகு கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இதேபோன்ற சங்கங்கள் வந்தன. பினாங்குச் சங்கம் 1934-இல் நடத்திய நிலையத்தில் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் ஒலித்தது.

ஆனால் அந்தக் காலத்து வானொலி கேட்டவர்கள் யார்? துரைமார், அரசாங்க உத்தியோகஸ்தர், பட்டணத்து வியாபாரிகள். தோட்டத்தில் அதிகம் போனால் துரை பங்களா, பெரிய கிராணி வீடு. லயத்தில் இருந்தவனுக்கு அது தூரத்துச் சன்னலிலிருந்து கசிந்த சத்தம். அந்தச் சன்னலுக்கும் திரைச்சீலை உண்டு.

ஜப்பானியர் காலத்தில் பெட்டி வைத்திருந்தவர்களுக்கே வாய்ப்பூட்டு விழுந்தது. சிற்றலை கேட்கக் கூடாது, மீறினால் சித்திரவதை. பேராக் பாப்பானில் சிபில் கார்த்திகேசு தன் வீட்டில் ஒரு பெட்டியை ஒளித்துவைத்துப் போர்ச் செய்திகளைக் கேட்டார். அதற்கு ஜோசஃபின் என்று பெயரும் வைத்திருந்தார். பிடிபட்டபின் அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரு பெட்டி வாய் திறந்தது தெரிந்தால் அதன் சொந்தக்காரருக்கு உயிர்போகும் காலம் அது.

போர் முடிந்து 1946 ஏப்ரல் 1 அன்று ரேடியோ மலாயா தொடங்கியது. தலைமையகம் சிங்கப்பூர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழி. இரண்டே வருடத்தில், 1948 ஜூனில், அவசரகாலம் பிரகடனமானது. அது முடிய 1960 ஜூலை ஆனது. ஜொகூர் கடைசிவரை கொதித்துக்கொண்டிருந்த மாநிலங்களில் ஒன்று. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரச் சீனக் குடியானவர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஊரடங்கு. வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை.

லயத்துத் தமிழர்களில் பலருக்கு வானொலியும் ஒலிபெருக்கியும் நெருக்கமாக வந்தது இந்தக் காலத்தில்தான். புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் கம்போங்குகளிலும் ஊருக்குப் பொதுவான வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் வைத்தது. தகவல் இலாகாவின் வேன்கள் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தோட்டந்தோட்டமாக வந்தன. படம் காட்டின, சேதி சொன்னன. பிறகு விமானத்திலேயே ஒலிபெருக்கிகளைப் பொருத்திக் காட்டுக்கு மேலே பறந்து, ‘சரணடையுங்கள்’ என்று வானத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

1951-இல் தாத்தாவுக்கு 25 வயது. அம்மா பிறக்கவில்லை. ஆனால் தாத்தா சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். பெரட்டுக் களத்தில் வேன் வந்து நிற்கும். எல்லாரும் வந்து உட்கார வேண்டும். “அது பாட்டுக்குக் கத்தும். சின்னதா வைக்கச் சொல்ல முடியாது. போதும்னு எழுந்திரிச்சுப் போகவும் முடியாது. யாரு எழுந்திரிச்சுப் போறான்னு பாக்க ஆளு இருக்கும்.” தாத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு கொள்கை கிடைத்துவிட்டது. பால்மரம் வெட்டியவன் முதலில் சந்தித்த ஒலிபெருக்கி, துணி மூடாத திறந்த வாய். அது அவனிடம் பேசும், அவன் அதனிடம் பேச முடியாது. குமிழ் அவன் கையில் இல்லை. வீட்டுக்குள் வந்த ஸ்பீக்கரோ துணி போட்டுப் பணிவாக உட்கார்ந்திருந்தது, திருகினால் அடங்கியது. அதனால்தான் தாத்தாவுக்குத் துணி முக்கியம், ஆணி அடித்தது அதற்காகத்தான் என்று முடிவு கட்டினேன். கட்டுரைக்கு நல்ல முடிவு என்றுகூட நினைத்தேன்.

*

வீட்டுக்குள் பெட்டி வந்தது அறுபதுகளில். டிரான்சிஸ்டர் வந்ததால் சாத்தியமானது. வால்வு ரேடியோவுக்கு நிறைய மின்சாரம் வேண்டும். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் கரண்டு. டிரான்சிஸ்டருக்கு நாலைந்து பேட்டரிக்கட்டை போதும். எங்கள் வீட்டு முதல் ரேடியோ 1966 வாக்கில் வந்ததாம். தோல் உறை போட்டது. உறையில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகத் துளை. அந்தத் துளைகள்தான் அதன் கிரில்.

அந்தத் தோல் உறை போதாதென்று பாட்டி அதன்மேல் கைக்குட்டை ஒன்றைப் போட்டு வைப்பார். பாட்டுக் கேட்கும்போதுகூட எடுக்க மாட்டார். இதில் எங்கள் பாட்டி தனி ஆள் இல்லை. நம்மவர்கள் வீட்டில் ரேடியோவுக்குப் பூத்துணி, பிறகு டிவிக்குத் திரை, டெலிபோனுக்குத் தொப்பி. விலை கொடுத்து வாங்கியதை மூடிவைப்பது நம் கை வழக்கம். அதைக் கிண்டல் செய்து நானே எழுதியிருக்கிறேன். இப்போது அவ்வளவு சுலபமாகக் கிண்டல் செய்ய முடியவில்லை. லைசன்ஸ் கட்டி, பேட்டரி வாங்கி, மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே ஒரு குரலை வைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

அந்தக் குரலுக்கு இலக்கியத்திலும் பங்கிருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையைப் பத்திரிகைகளோடு சேர்ந்து வானொலியும் வளர்த்தது. சிறுகதை வாசிப்பு, நாடகம், கவிதை, உரைச்சித்திரம் எல்லாம் ஒலிபரப்பானது. ரெ. கார்த்திகேசு பேராசிரியராவதற்கு முன்பு மலேசிய வானொலியில் ஒலிபரப்பாளராக இருந்தவர். முகம் தெரியாத அந்தக் குரல்களைத் தோட்டத்துச் சனங்கள் சொந்தக்காரர் மாதிரிப் பேர் சொல்லிப் பேசினார்கள். அம்மாவுக்கு இன்றும் அறிவிப்பாளர்களின் குரல் தெரியும், முகம் தெரியாது. அந்தக் குரலுக்கு ஒரு முகம் உண்டென்றால் அது அம்மாவைப் பொறுத்தவரை ஒரு துண்டுத் துணிதான். நான் கழற்றி எறிந்தது அதை.

*

சரி, துணி உண்மையிலேயே சத்தத்தைக் கெடுக்கிறதா?

ஒலி அலையின் நீளம் சுருதிக்குச் சுருதி மாறும். மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து வருவது போன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். அதற்கு மெல்லிய துணி ஒரு பொருட்டே இல்லை. ஜால்ராவின் கிணுகிணுப்பில் இருக்கும் 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான். துணி அதில் கொஞ்சம் விழுங்கும். துணியைவிடக் குறும்பு செய்வது துணியைத் தாங்கும் சட்டம். ட்வீட்டருக்குப் பக்கத்தில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் மரவிளிம்பு நின்றால், சின்ன அலைகள் அதில் மோதித் தெறித்து நேர் ஒலியோடு கலக்கும். சில சுருதி தூக்கும், சில அமுங்கும். ஆகவே ‘மேல் சுருதி குறைகிறது’ என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

ஆனால் அம்மா கேட்டது என்ன? நாற்பது வருடத்தில் பெரும்பாலும் வானொலி. தமிழ் ஒலிபரப்பு நீண்ட காலம் மத்திய அலையிலும் சிற்றலையிலும்தான் வந்தது. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ். பாடலின் சுருதி அந்த இடத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும். அதாவது சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அநேகமாக அனுப்பவே மாட்டார்கள். கொஞ்சநஞ்சம் வந்தாலும் பெட்டியே வெட்டிவிடும். துணி விழுங்குவதோ பெரும்பாலும் அதற்கும் மேலே உள்ளதை. எனவே வானொலி கேட்ட காலம் முழுக்க எங்கள் பழுப்புத் துணி எதையும் திருடவில்லை. திருட அங்கே ஒன்றும் இல்லை. கேசட் போட்டபோது கொஞ்சம் விழுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருடப் பழியைத் துணிமேல் போட்டவன் நான். வெட்டு நடந்தது எங்கேயோ கோபுரத்துக்கு அந்தப் பக்கம். இது ஒலிக்கு மட்டுமா என்றும் யோசித்தேன். பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து கேட்ட தோட்டத்துக்காரனுக்கு விவரம் போதாது, உலகம் தெரியாது என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறோம். அவனுக்கு எதை அனுப்பினார்கள், எதை அனுப்பாமல் விட்டார்கள் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. அவன் காதைத்தான் குறை சொல்கிறோம்.

இதே தவறை விஞ்ஞானிகளும் செய்திருக்கிறார்கள். 1945-இல் அமெரிக்காவில் ஹாவர்ட் சின், பிலிப் ஐசன்பெர்க் இருவரும் சோதனை செய்து, சனங்களுக்குச் சுருதி வெட்டப்பட்ட ஒலிதான் பிடிக்கிறது, முழு ஒலி பிடிக்கவில்லை என்று முடிவு சொன்னார்கள். பழகிப்போன வானொலியின் குணம் காதுக்கு ருசியாகிவிட்டது என்று பலர் நம்பினார்கள். ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் அதை ஏற்கவில்லை. 1947-இல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஸ்பீக்கரையே எடுத்துவிட்டார். ஓர் அறையில் சிறிய இசைக்குழுவை உட்கார வைத்து, அவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே ஒலி புகும் திரை ஒன்றைத் தொங்கவிட்டார். திரைக்குப் பின்னால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தடுக்கும் தட்டிகள். தட்டியை மூடியும் திறந்தும் வாசிக்கச் செய்தார். பெரும்பாலானவர்கள் முழு ஒலியைத்தான் விரும்பினார்கள். அப்படியானால் முந்தைய சோதனையில் சனங்களுக்குப் பிடிக்காமல் போனது எது? முழுச் சுருதியைத் திறந்துவிட்டபோது அன்றைய கருவிகளின் கோணல்களும் சேர்ந்து காதில் விழுந்திருக்கும் என்பது ஓல்சனின் பக்கத்து விளக்கம். குறை காதில் இல்லை.

இன்னொரு திரைச் சோதனையும் உண்டு. 1994-இல் ஃபிலாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரியதும் அழகானதும் நன்றாகப் பாடுவதாகப் பட்டது. அனுபவசாலிகளும் இதற்குத் தப்பவில்லை. துணியைக் கழற்றிய அன்று எனக்கு ஒலி தெளிந்துவிட்டதாகத் தோன்றியதே, அதில் எவ்வளவு காதின் வேலை, எவ்வளவு அந்தக் கறுப்புக் கூம்பைப் பார்த்த கண்ணின் வேலை என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன்.

*

புது ஸ்பீக்கர் வாங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிறார்கள், துணியை வைப்பதா எடுப்பதா என்று. ஒரே பதில் கிடையாது. செய்தவர் எதை நினைத்துச் செய்தார் என்று பார்க்க வேண்டும். பிபிசி எழுபதுகளில் தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டி துணியோடு கேட்பதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது. அதில் துணியைக் கழற்றினால் தெளிவு கூடாது, கணக்குத்தான் தப்பும். யமஹாவின் என்எஸ்-10 என்ற 1978-ஆம் வருடத்துப் பெட்டியை உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் வெள்ளைக் கூம்பு தெரியத் திறந்தே வைத்தார்கள். ஜேபிஎல் 1970-இல் கொண்டுவந்த எல்100-க்கு ஆரஞ்சு, நீலம் என்று கட்டங்கட்டமாக நுரை முகம். அழகு என்றால் அழகு. ஆனால் அந்த வகை நுரை வருடங்கள் போகப் போகப் பொடிந்து உதிரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நுரைக்கு ஆயுள் இன்னும் குறைவு. கூம்பின் விளிம்பு நுரையாக இருந்தாலும் இதே கதைதான். ரப்பர் விளிம்பு அதிகம் தாங்கும் என்பதைப் பால்மரக் குடும்பத்தில் பிறந்தவன் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழக்கமான பெண் குரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களைக் கவனியுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் சொல்லாமல் துணியைப் போட்டும் எடுத்தும் வைக்க வேண்டும். பத்துத் தடவையில் எட்டு ஒன்பது தடவை சரியாகச் சொல்ல முடிந்தால் உங்களுக்கு வித்தியாசம் கேட்கிறது. எது பிடிக்கிறதோ அப்படிக் கேளுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் துணி இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் பல்லி உண்டு, கரப்பான் உண்டு, சாம்பிராணிப் புகை உண்டு. நடக்கப் பழகும் பிள்ளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ட்வீட்டரின் நடுவில் இருக்கும் கோலிக்குண்டு அளவு மேடு, பட்டாலோ மெல்லிய உலோகத்தாலோ ஆனது. பிள்ளைகளின் விரல் அதைத்தான் முதலில் தேடிப் போகும்.

இதை எழுதும்போதுதான் அந்த ஆணி ஞாபகம் வந்தது.

*

வலது பெட்டியின் ட்வீட்டரில் ஒரு பள்ளம் இருந்தது. துணியை எடுத்த அன்றே பார்த்தேன். பழைய சாமான், எங்கேயோ இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடித்த பள்ளம் மாதிரி இல்லை. யாரோ அழுத்திய மாதிரி வட்டமாக, சின்னதாக.

அம்மாவிடம் என் கொள்கையைச் சொன்னேன். பெரட்டுக் களம், திறந்த வாய், துணி, ஆணி. பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. ஆணி அடிச்சது எதுக்குன்னு தெரியும். நீ பண்ண வேலை. உனக்கு அப்போ மூணு வயசு. துணியப் பிடுங்கிட்டு உள்ளாற கைய விட்டு அமுக்கிட்ட. உங்கப்பா அப்போ கோவக்காரரு. அவரு வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள தாத்தா துணிய மாட்டி நாலு ஆணி அடிச்சிட்டாரு. ‘யாரும் இதக் கழட்டக் கூடாது’ன்னு சொல்லிட்டாரு. அதான்.”

“அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?”

“சாகுற வரைக்கும் தெரியாது.”

நான் ஒன்றும் பேசவில்லை. சேமநிதிக் காசில் வாங்கிய பெட்டி. வாங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை. தாத்தா அதற்குப் பிறகு இருபது வருடம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார். ஒரு பக்கம் சற்று மங்கலாகத்தான் கேட்டிருக்கும். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பட்டு ட்வீட்டரில் விழுந்த பள்ளத்தை ஒட்டுநாடாவை மெதுவாக ஒட்டி இழுத்துச் சரிசெய்யலாம். எனக்குத் தெரியும், மற்றவர்கள் பெட்டியில் செய்தும் இருக்கிறேன். இதில் செய்யவில்லை. இரண்டு துணியையும் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காய வைத்து, திரும்ப மாட்டினேன். வலது பக்கத்துக்குப் பழைய ஆணி நான்கில் மூன்றுதான் கிடைத்தது. நான்காவதை அம்மா பூசையறை டப்பாவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் பெரிய ஆணி. தலை வெளியே தெரிகிறது.

அன்று மாலை மின்னல் எஃப்எம்மில் ஏதோ பழைய பாட்டு. அம்மா சமையல்கட்டிலிருந்தே, “சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி” என்றார்.